ஜான் வில்ஸும் பக்கக்கைப் பந்தும்

கிரிக்கெட்டுப் பந்தாட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் ஆடி ஆயிரக்கணக்கான ஓட்டங்களைக் குவித்தோரையே பெரிதும் போற்றி எழுதியுள்ளனர். அஃது இயற்கையே. எனினும், விரல்விட்டு எண்ணத்தக்க சில பெரிய ஆட்டங்களில் மாத்திரம் ஆடி, இறுதியிற் கைப்பந்தைத் தரையில் எறிந்துவிட்டுக் குதிரையேறிப் போய்விட்ட ஒருவருக்கும் அச்சரித்திரம் ஓர் இடத்தை ஒதுக்கவேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் தென்கீழ்ப் பகுதியிலுள்ள கெண்ட் கௌண்டியைச் சார்ந்த ஜான் வில்ஸ் என்பவரே அவர். இற்றை நாளிற் பந்து வீசுவோர் அனைவரும் கையைத் தலைக்குமேல் உயர்த்தி வீசுகின்றனரே, அவ்வுரிமை அவர்கட்கு எங்ஙனம் கிடைத்தது என்று வினவுவார்க்கு, விடை வில்ஸிடத்தே தொடங்கும்.

கௌண்டி என்பது நம் நாட்டு ஜில்லாவை ஒத்த நிலப்பகுதி. இக்காலத்திற் போல, சந்தா செலுத்தும் அங்கத்தினரும், செயலாளரும், சொந்த மைதானமும் உடைய கௌண்டிச் சங்கங்கள் வில்ஸ் ஆடிய நாளில் இல்லை. கெண்ட் கௌண்டிச் சங்கம் முதன்முதல் நிறுவப்பெற்றது 1842இல். கௌண்டிகளுக்குள் முறையான போட்டி ஏற்பட்டது 1890இல். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளிற் "கெண்ட்" என்றால், அக்கௌண்டியின் கனவான்கள் சிலர் தம்மூர் உழவரையும் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு, பந்தயப் பணம் கட்டி, வேறோர் ஊரார்மீதோ கௌண்டியார்மீதோ ஆடிய பதினொருவர் கூட்டம் என்பதே பொருள். வில்ஸும் அத்தகைய நாட்டுப்புறக் கனவானே.

அந்நாளிற் பந்து வீசும் முறை ஒன்றே ஒன்றுதான். வீசுவோன் கையைத் தொங்கவிட்டு, முழங்கைக்குக் கீழே பந்தைக் கொண்டுவந்து, தரையை ஒட்டி முன்னோக்கி விடுவான். இதனைக் கீழ்க்கை வீச்சு என்போம். தெருவிற் கோலியாடும் சிறுவர் பந்தை உருட்டுவதுபோன்ற எளிய காரியம் இஃது என்று நம்மவர் நகையாடலாகாது. ஹாம்பிள்டன் என்னுஞ் சிற்றூரின் புகழ்பெற்ற அணியிலிருந்த டேவிட் ஹாரிஸ் என்னும் குயவர் கீழ்க்கையாலேயே வீசிய பந்து, தரையைத் தொட்டவுடன் சீறி எழுந்து, மட்டையாளன் விரல்களை மட்டைப் பிடியோடு வைத்து நசுக்கிவிடுமாம். பிற்காலத்தில் வாதநோய் கண்டபின்னும் அவர் மைதானத்தில் ஒரு சாய்வுநாற்காலியை இட்டுக்கொண்டு, ஒரு பந்து வீசியதும் அதில் அமர்ந்து இளைப்பாறி, மறுபந்துக்கு எழுந்து வருவார் என்று எழுதிவைத்திருக்கின்றனர்.

ஆனால், ஹாரிஸ் போன்றார் பலர் தோன்றவில்லை. மட்டை பிடிப்போரின் வித்தையோ ஆண்டுதோறும் வளர்ந்துவந்தது. பழங்காலத்து மட்டை, கீழே வளைந்த தடிபோல் இருந்தது. உருண்டு வரும் பந்தைத் தட்டுதற்கு அது போதும். பந்து எழும்பி வரத் தொடங்கியதும் மட்டை நேராயிற்று. 1771இல் ஒருவர், மூன்று முளைகளும் இல்லாத அக்காலத்து விக்கெட்டை முழுதும் மறைக்கத்தக்க அகலமான மட்டையொன்றைக் கொண்டுவந்து நின்றார். இதன்பின் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று விதி செய்தனர். அவ்வளவே இன்றும் வழங்குகின்றது. 1775இல் லம்பி ஸ்டீவன்ஸ் என்பவர் வீசிய பந்து, இரண்டே முளைகளுடைய விக்கெட்டின் நடுவே முளையைத் தொடாது மும்முறை புகுந்து போயிற்று. அப்பொழுதுதான் நடுமுளை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஆட்டத்தில் ஒரு புதுமை தோன்றுவதும், அதனைக் கண்டு விதி விழித்துக்கொள்வதும் இங்ஙனம் முன்னரே பழகிப்போன செய்திகள் என்பதனை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

வில்லியம் பெல்டம் முதலிய பெருவீரர் காலை முன்வைத்துப் பந்தை எதிர்கொண்டு அடிக்கக் கற்றுக்கொண்டபின், கீழ்க்கை வீச்சு தன் அச்சத்தை இழந்தது. 1820இல் வில்லியம் வார்ட் என்பவர் லண்டன் நகரத்து லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் 278 ஓட்டங்கள் எடுத்தார். அம்மைதானத்தில் அவ்வெண்ணை 1925 வரை ஒருவரும் விஞ்சவில்லை. அவர் எதிர்த்த அணி வலிமை குன்றியது என்பது மெய்யே. ஆயினும், பந்துக்கும் மட்டைக்கும் உள்ள நிறைகோல் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு அஃது ஓர் அடையாளம்.

சாய்ந்த கோலை நிமிர்த்தும் வழியைத் தேடியவருள் ஒருவர் ஜான் வில்ஸ். அவர் கையைப் பக்கவாட்டிலே தோளை நோக்கி நீட்டி, அரைவட்டமாகச் சுழற்றிப் பந்தை விட்டார். இதனைப் பக்கக்கை வீச்சு என்று கூறுவோம். இதனால் விளையும் பயன் யாது என்பது சிறிது சிந்திப்பார்க்கு விளங்கும். கீழ்க்கையினின்று விடப்படும் பந்து, முழங்காலளவு உயரத்திற் புறப்பட்டு, தரையோடு மிகக் குறுகிய கோணத்திற் சென்று படுகின்றது. ஆதலின் அது தரையிற்பட்டு எழும் உயரமும் குறைவு. மார்பளவினின்றோ தோளளவினின்றோ வரும் பந்து செங்குத்துக்குச் சற்று நெருங்கித் தரையை மோதுவதால் மிக்கு எழும்புகின்றது. புயம் முழுதும் கவண்போலச் சுழல்வதால் வேகமும் மிகுகின்றது. மணிக்கட்டும் விரல்களும் பந்தின் பக்கமாக அமைவதால் அதனைச் சுழலச் செய்தலும் எளிதாகின்றது. இம்மூன்றும் ஒருங்கே வருமாயின் மட்டையாளன் பாடு எத்தகையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அக்காலத்து மைதானங்களோ புல்வெட்டும் பொறியை அறியாதவை. லார்ட்ஸ் மைதானத்திற்கூட ஆடுகளை மேயவிட்டே புல்லைக் குறைத்தனர். மட்டையாளர் காலில் இக்காலத்துக் காப்புறையும் இல்லை. கையில் உறையும் இல்லை. எழும்பி வரும் பந்தைக் கண்டு அவர்கள் கலங்கியதிற் குற்றம் காண்பதற்கில்லை.

இவ்வீச்சை வில்ஸ் எங்ஙனம் கண்டுகொண்டார் என்பதற்கு ஓர் இனிய கதை வழங்குகின்றது. வில்ஸ் நோயினின்று எழுந்த நாளில், பயிற்சிக்காகத் தம் வீட்டுக் களஞ்சியத்தில் மட்டை பிடித்து நிற்பாராம். அவருடைய சகோதரி கிறிஸ்தியானா பந்து வீசுவாராம். அப்பெண்மணி அணிந்திருந்த, வளையமிட்டு விரிந்த பாவாடை கீழ்க்கையால் வீசுதற்கு இடங்கொடாமையால், அவர் கையைப் பக்கமாக உயர்த்தி வீசினாராம். அப்பந்தை அடித்தற்கு அரிதாயிருத்தல் கண்ட தமையனார் அம்முறையைத் தாமே கைக்கொண்டாராம். வில்ஸும் அவர் தங்கையும் அவர் நாயும் சேர்ந்தால் இங்கிலாந்தில் எந்தப் பதினொருவரையும் வென்றுவிடலாம் என்று அக்காலத்தார் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர் என்பர்.

கேட்டற்கினிய இக்கதையை அப்படியே ஏற்றுக்கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உளது. இந்நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசவைக்குச் செல்வோர் அன்றி மற்றை ஆங்கிலப் பெண்டிர் வளையப் பாவாடையை விட்டொழித்திருந்தனர். மார்புக்குக் கீழே கட்டி, நேராகத் தொங்கும் மெல்லிய உடையே அந்நாளைய வழக்கம். விரிந்த பாவாடை மீண்டும் வந்து பரவியது 1850க்குப் பின்னர். பிற்காலத்தார் தங்கள் பாட்டிமார் உடையை அதற்கும் முந்திய தலைமுறையார்க்கு அணிவித்துக் கதையை அழகுபடுத்தினர் போலும். ஆயினும், பாவாடை பொய்யாகுமேல் தங்கையும் பொய்யாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. களஞ்சியத்தில் அப்பெண்மணி தமையனுக்குப் பந்து வீசினார் என்னும் செய்தி அவர் குடும்பத்தார் வாய்வழி வந்தது. கிரிக்கெட்டுச் சரித்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் இவ்வளவு முற்பட்ட காலத்தே இடம்பெற்றிருப்பதை, ஒரு பாவாடையின் பொருட்டு அழித்துவிட எமக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வீச்சை முதன்முதல் முயன்றவர் வில்ஸ் அல்லர். அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னரே, ஹாம்பிள்டன் அணியில் டாம் வாக்கர் என்பவர் கையைப் பக்கமாக வீசிப் பார்த்தார். நாள் முழுதும் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்கும் பொறுமையால் "அழியாக் கிழவர்" என்னும் பொருள்படும் பட்டப்பெயர் பெற்றவர் அவர். அவ்வணியின் பெரியோர் சபை கூடி, இது முறையன்று எனத் தீர்ப்பளித்தது. வாக்கர் அத்தீர்ப்புக்குத் தலைவணங்கினார். வழக்கம் அத்துடன் நின்றது. வில்ஸ் வணங்கவில்லை. இருவர்க்குமுள்ள வேற்றுமை இதுவே. ஒரு புதுமை நிலைபெறுவதற்கு அதனைக் கண்டுபிடிக்கும் அறிவு மாத்திரம் போதாது. பலர் வைதாலும் விடாப்பிடியாக நிற்கும் இயல்பும் வேண்டியிருந்தது. அது நற்குணமா தீக்குணமா என்பதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

1807இல், கெண்ட் கௌண்டியிலுள்ள பெனெண்டன் ஹீத் என்னும் வெளியில் கெண்ட் அணிக்கும் இங்கிலாந்து அணிக்கும் நடந்த ஆட்டமொன்றில் வில்ஸ் புகுத்திய இவ்வீச்சு பெரிதும் கையாளப்பட்டது. ஓட்டமெடுத்தற்கு அது பெருந்தடையாயிருந்தது என்று அந்நாளைய செய்தித்தாள் ஒன்று எழுதிற்று. அதன்பின் வில்ஸ் சென்ற மைதானமெல்லாம் வழக்கு மைதானமாயிற்று. சிலர் அவருக்கெதிரே ஆடமாட்டோம் என்றனர். அவர் வீச்சினால் எதிரணி வீழத் தொடங்கியதும், கூடியிருந்தோர் உட்புகுந்து முளைகளைப் பிடுங்கியெறிந்த நாட்களும் உண்டாம்.

இவ்வளவு ஆத்திரத்திற்குக் காரணம் ஆட்டத்தின் தூய்மையில் அவர்களுக்கிருந்த பற்று ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்துக் கிரிக்கெட்டு, சூதாட்டத்தின் மடியில் வளர்ந்தது. பந்தயம் பிடிப்போர் லார்ட்ஸ் மைதானத்தில் வெளிப்படையாக அமர்ந்து வியாபாரம் செய்தனர். அந்நாளில் மட்டையாளருள் முதல்வரெனப்பட்ட வில்லியம் லாம்பெர்ட், 1817இல் ஓர் ஆட்டத்தை விற்றுவிட்டார் என்னும் குற்றச்சாட்டினால் லார்ட்ஸ் மைதானத்தினின்று விலக்கப்பட்டார். இன்ன ஆட்டக்காரன் இத்தனை ஓட்டமெடுப்பான் என்று கணக்கிட்டுப் பணங்கட்டுவோர்க்கு, அக்கணக்கையெல்லாம் குலைக்கும் புதிய வீச்சு ஒன்று வந்து வாய்த்தால் எங்ஙனம் பொறுக்கும்?

வில்ஸை எதிர்த்தோருள் தலைமையானவர் லார்ட் பிரெடரிக் போக்ளர்க் என்னும் பிரபு. இவர் அரச குலத்தின் வழித்தோன்றல். திருச்சபைக் குருவும் ஆவர். ஆண்டொன்றுக்குக் கிரிக்கெட்டுப் பந்தயத்தில் 600 கினி சம்பாதிப்பதாகத் தாமே சொல்லிக்கொண்டவர் இக்குருவானவர்! வில்ஸ் எதிரணியில் இருந்தால் அவ்வீச்சு முறைகேடு என்று கடிந்துரைப்பாராம். தம் அணியில் இருந்தாலோ வாய்திறவாது அதன் பயனை நுகர்வாராம். ஊருக்கு உபதேசம் என்னும் நம்மவர் மொழி அத்தேசத்திற்கும் ஏற்றதேயாகும்.

ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் 1787இல் தோன்றிய மேரில்போன் கிரிக்கெட்டுச் சங்கத்தினிடம் இருந்தது. எம்.சி.சி. என்னும் சுருக்கப்பெயரால் உலகம் அறிந்த சங்கம் இதுவே. 1816இல் இச்சங்கத்தார் ஐயத்திற்கு இடமின்றி ஒரு விதி செய்தனர். பந்து கீழ்க்கையாக, முழங்கைக்குக் கீழே கை இருக்குமாறு விடப்படல் வேண்டும். புயத்தை உடலினின்று கிடையாக நீட்டி வீசினால் நடுவர் "நோபால்" என்று கூவுதல் வேண்டும். விதியில் வில்ஸின் பெயர் இல்லை. ஆனால், படித்தோர் யாவரும் அவரையே நினைத்தனர். விதி ஏட்டில் இருந்ததேயன்றி எல்லா மைதானங்களிலும் செல்லவில்லை. சில நடுவர் கண்டும் காணார்போல் இருந்தனர். கெண்டிலும் அண்டைக் கௌண்டியாகிய சஸெக்ஸிலும் இளைஞர் பலர் பக்கக்கையைப் பழகிக்கொண்டே வந்தனர்.

1822ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் நாள். லார்ட்ஸ் மைதானம். எம்.சி.சி. அணிக்கும் கெண்ட் அணிக்கும் ஆட்டம். விதி செய்த சங்கத்தாரின் வீட்டு முற்றத்திலே, அவர்கள் கண்ணெதிரே, வில்ஸ் பந்தைக் கையிலெடுத்தார். அவருக்கு அப்பொழுது வயது நாற்பதைக் கடந்துவிட்டது. நடுவராக நின்றவர் நோவா மான். ஹாம்பிள்டன் அணியில் அதே பெயருடன் ஆடிப் புகழ்பெற்றவரின் மகனார். வில்ஸ் வழக்கம்போற் கையைப் பக்கமாக நீட்டி வீசினார். "நோபால்" என்றார் நடுவர்.

பதினைந்து ஆண்டுகளாக ஏச்சும் பேச்சும் பொறுத்த மனிதர் அச்சொல்லைப் பொறுக்கமாட்டாதவரானார். பந்தைத் தரையில் எறிந்தார். மைதானத்தை விட்டு வெளியேறிக் குதிரையேறிப் போனார். அன்று போனவர் பெரிய ஆட்டங்களுக்கு மீளவேயில்லை. குதிரையின் செய்தி வழிவழி வந்த கூற்றே ஆயினும், அந்நாளுக்குப் பின் அவர் பெயர் பெரிய ஆட்டக் கணக்குகளிற் காணப்படவில்லை என்பது உறுதி. 1806இல் தொடங்கிய அவருடைய ஆட்ட வாழ்க்கை, இடையிடையே சில ஆட்டங்களைக் கண்டு, பதினாறு ஆண்டுகளில் இங்ஙனம் முடிந்தது.

இச்செயலை எங்ஙனம் மதிப்பிடுவது? வில்ஸைப் புகழ்வோர் நடுவரைக் கொடியவராகச் சித்திரிப்பதுண்டு. அஃது அநீதி என்பது எமது கருத்து. நோவா மான் தம் முன்னிருந்த விதியைப் படித்தவாறே கூறினார். அது தகாத விதியாயின், அதனை மைதானத்தின் நடுவில் நின்று திருத்துவது அவர் கடமையன்று. அன்றியும், வில்ஸ் விட்டுச்சென்றது தம் பெருமையை மாத்திரமா? கெண்ட் அணியின் மற்றைப் பதின்மரையும் ஆட்டத்தின் நடுவே விட்டுச் சென்றாரன்றோ? அணியாய் ஆடுவோர் எவரும் இதனைச் சிறு பிழை என்னார். எனினும், அவர் தலைதாழ்த்திக் கீழ்க்கைக்குத் திரும்பியிருந்தால், டாம் வாக்கரின் வழக்குப்போல இவ்வழக்கும் அன்றே முடிந்திருக்கலாம். அவர் எறிந்த பந்தின் ஓசை, ஆடுவோர் பலர் செவியில் நெடுநாள் ஒலித்துக்கொண்டிருந்தது.

வில்ஸ் விட்ட இடத்திற் பந்தை எடுத்தவர்கள் சஸெக்ஸ் கௌண்டியாராகிய வில்லியம் லில்லிவைட், ஜேம்ஸ் பிராட்பிரிட்ஜ் என்னும் இருவர். முன்னவர் செங்கல் அறுப்பவர், குள்ள உருவினர், உயர்ந்த தொப்பியணிந்தே பந்து வீசுவார். குறிபார்த்து வீசுவதில் அவருக்கு நிகரானவர் இலர் என்னுங் கருத்துப்பட ஒரு பிரெஞ்சுப் பட்டப்பெயரையே அவருக்குச் சூட்டினர். இவர்கள் வீசிய பக்கக்கைப் பந்தால் சஸெக்ஸ் பெற்ற வெற்றிகளைக் கண்டு, 1827இல் சஸெக்ஸுக்கும் இங்கிலாந்து அணிக்கும் மூன்று பரீட்சை ஆட்டங்கள் ஏற்பாடாயின. ஷெபீல்டிலும் லார்ட்ஸிலும் நடந்த முதலிரண்டில் சஸெக்ஸ் வென்றது. உடனே இங்கிலாந்து ஆட்டக்காரர் ஒன்பதின்மர், சஸெக்ஸார் முறைப்படி வீசினாலன்றி மூன்றாம் ஆட்டம் ஆடோம் என்று கையொப்பமிட்டு அறிக்கை விடுத்தனர்; பின்னர் மனம் மாறி ஆடினர். பிரைட்டனில் நடந்த அம்மூன்றாம் ஆட்டத்தில் இங்கிலாந்து 24 ஓட்டங்களால் வென்றது. ஆகவே பரீட்சையால் ஒன்றும் தீர்ந்தபாடில்லை. பரீட்சைகளின் இயல்பு அத்தகையதே என்று மாணவ நேயர்கள் முறுவலிக்கக்கூடும்.

மூன்றாம் ஆட்டத்தில் இங்கிலாந்துக்காகப் பக்கக்கையால் வீசியவர் ஜார்ஜ் நைட் என்னும் கெண்ட் கனவான். ஆங்கில இலக்கியம் பயில்வோர்க்கு இவரைப்பற்றி ஒரு செய்தி. நாவலாசிரியையாகிய ஜேன் ஆஸ்டினுடைய உடன்பிறந்தார் மகன் இவர். அத்தையின் கூர்மையிற் சிறு பங்கு இவருக்கும் வாய்த்திருந்தது. எம்.சி.சி. சங்கத்தில் அங்கத்தினராயிருந்த இவர் விளையாட்டுப் பத்திரிகையில் கடிதங்கள் எழுதிப் பக்கக்கைக்காக வாதாடினார். அவ்வாதத்தின் சாரம் இது. மட்டையின் வலிமை அளவுக்கு மிஞ்சிவிட்டது. அதனை அடக்க வழி வேண்டும். பக்கக்கை வீச்சைக் கல்லெறிவதுபோன்ற எறிதல் என்று பழிக்கின்றனர். எறிதலாவது முழங்கையை மடக்கி விடுவிப்பது. புயத்தை நேராக நீட்டியவன் எறிய இயலுமா? சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றோர்க்கு, அச்சொல்லின் பொருளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தமை பாராட்டத்தக்கது. வில்ஸிடம் இல்லாத ஆயுதம் இதுவே. அவர் பந்தை எறிந்தார். இவர் பேனாவை எடுத்தார்.

1828இல் எம்.சி.சி. சங்கத்தார் சிறிது இளகிக் கையை முழங்கையளவு உயர்த்தலாம் என்றனர். வீசுவோர் தோளளவு உயர்த்தினர். 1835இல் தோளளவு உயர்த்தலாம் என்று விதி வந்தது. தமிழிலக்கணம் பயில்வோர்க்கு இந்நிகழ்ச்சி புதிதாகத் தோன்றாது. முதலில் வழு, பின்னர் வழுவமைதி, அதன்பின் வழாநிலை! வழக்கு முன்னே நடக்க, இலக்கணம் ஊன்றுகோலுடன் பின்னே வருவது மொழிக்கு மாத்திரம் உரியதன்று போலும். பழைய ஹாம்பிள்டன் பெருமைகளை எழுதிவைத்த ஜான் நைரன், 1833இல் வெளிவந்த தம் நூலிலே, இப்புதிய வீச்சு ஆட்டத்தின் அழகையே கெடுத்துவிடும் என்று வருந்தினார். அவர் வருத்தம் பொய்யானதன்று. தாம் இளமையிற் கண்ட அழகு கண்ணெதிரே மறைவதைக் கண்ட முதியவரின் வருத்தம் அது.

அஞ்சியவர்கள் கூறிய அபாயமும் முற்றிலும் கற்பனையன்று. பக்கக்கையால் மிக வேகமாக வீசிய கெண்ட் வீரர் ஆல்பிரெட் மின் என்பவர், 1836இல் லெஸ்டர் நகரத்து ஆட்டமொன்றில், தாமே பிறர் வீசிய பந்தாற் காலில் மீண்டும் மீண்டும் அடிபட்டும், விடாது நின்று ஆட்டமிழக்காமல் 125 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் நிற்கவும் இயலாத நிலையில், குதிரைவண்டியின் மேற்கூரையிற் கிடத்தி அவரை லண்டனுக்குக் கொண்டுசென்றனர். காலையே வெட்டியெறிய நேருமோ என்று மருத்துவர் அஞ்சியிருந்து, பின்னர்க் காப்பாற்றினர். மட்டையாளர் காலுக்குக் காப்புறை அணியும் வழக்கம் இக்காலத்தை ஒட்டியே பரவலாயிற்று. புதிய பந்து, புதிய உடுப்பைக் கொணர்ந்தது.

தோளளவு சென்ற கை அங்கேயே நிற்குமா? 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், லண்டன் ஓவல் மைதானத்தில், சரே அணிக்கெதிரே இங்கிலாந்துக்காக வீசிய எட்கார் வில்ஷர் கையைத் தோளுக்குமேல் உயர்த்தினார். இவரும் கெண்ட் கௌண்டியார்! நடுவர் தொடர்ந்து ஆறு முறை "நோபால்" என்றார். அந்நடுவர் யார்? பக்கக்கையின் பொருட்டுப் போராடி வென்ற செங்கல் தொழிலாளி வில்லியம் லில்லிவைட்டின் மகனாகிய ஜான் லில்லிவைட். தந்தை எந்த விதியை மீறிப் பெயரெடுத்தாரோ, அதன் அடுத்த விதிக்கு மகன் காவலரானார். வில்ஷர் வெளியேறினார், அவரோடு தொழிலாளராகிய எண்மரும் வெளியேற, சம்பளம் பெறாத கனவான்கள் இருவரே மைதானத்தில் நின்றனர். மறுநாள் நடுவரை மாற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தனர். வில்ஸ் தனியே போனார். வில்ஷரின் பின்னே ஒரு கூட்டம் போயிற்று. நாற்பதாண்டு வேற்றுமை அவ்வளவே. 1864ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள், கையை எவ்வளவு உயர்த்தினும் தடையில்லை என்று எம்.சி.சி. சங்கத்தார் விதித்தனர். இன்று நாம் காணும் மேற்கை வீச்சு அன்று முறையாயிற்று.

பின்னும் எஞ்சியிருந்தது, நேரே நீட்டிய கைக்கும் எறியும் கைக்கும் உள்ள வேற்றுமை. இவ்வழக்கிற் சிக்கியவருள் நம்மினத்தார் ஒருவரும் உளர். இலங்கைக் கண்டி நகரத்தாராகிய முத்தையா முரளிதரனை, 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் மைதானத்தில், பந்தை எறிகின்றார் என்று நடுவர் டாரெல் ஹேர் ஏழு முறை "நோபால்" கூவினார். அவர் முழங்கை பிறவியிலேயே முற்றும் நிமிராதது. அவர் குதிரையேறிப் போகவில்லை. அறிஞர் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று தம் கையை அளவிடக் கொடுத்தார். முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்னும் வரம்பு 2005இல் நடைமுறைக்கு வந்தது. 2010இல், 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார்.

இனிக் கீழ்க்கை வீச்சுக்கு நேர்ந்த கதியையும் கூறவேண்டும். விதி மாறிய பின்னும் அது சில காலம் பிழைத்திருந்தது. 1909-10இல் தென்னாப்பிரிக்காவில் சிம்சன் ஹேவர்ட் என்னும் ஆங்கிலேயர் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் அவ்வீச்சால் 23 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1981ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அதே மெல்போர்ன் மைதானத்தில், கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஆட்டத்தைச் சமன் செய்ய ஆறு ஓட்டம் தேவைப்பட்டபொழுது, ஆஸ்திரேலியரான டிரெவர் சாப்பெல், அணித்தலைவராகிய தம் தமையனார் சொற்படி, பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். அன்றைய விதிப்படி அதிற் குற்றமில்லை, உலகமோ சீறிற்று. 2000இல் திருத்தியமைத்த விதிகளின்படி, இரு அணியாரும் முன்னரே உடன்பட்டாலன்றிக் கீழ்க்கை வீச்சு நோபாலே. 1816இல் முறையான வீச்சு எனப்பட்டது ஒன்றேயாயிருக்க, அவ்வொன்றையே இன்று வீசினால் நடுவர் கையை நீட்டுவார். நோவா மான் மீண்டு வந்து பார்த்தால் என் சொல்வாரோ!

வில்ஸ் 1852இல் காலமானார். ஆகவே 1835ஆம் ஆண்டு விதியையும், லில்லிவைட்டின் புகழையும், தம் கௌண்டியாராகிய மின்னின் வலிமையையும் அறிந்தே அவர் கண்மூடினார். வில்ஷருக்கு நேர்ந்ததை அறியார். கெண்டிலுள்ள சட்டன் வாலன்ஸ் என்னும் ஊரின் கோயில் வளாகத்தில் அவர் கல்லறை உளது. வீர விளையாட்டுகள் அனைத்திற்கும் அவர் புரவலர் என்றும், பக்கக்கை வீச்சைக் கிரிக்கெட்டிற் புகுத்திய முதல்வர் என்றும் அதன்மேற் பொறித்திருக்கின்றனர். டாம் வாக்கரின் சுற்றத்தார் எவரேனும் அக்கல்லைக் காண நேரின், "முதல்வர்" என்னும் சொல்லுக்கு ஆட்சேபம் சொல்லக்கூடும். அதற்கும் ஒரு நடுவர் வேண்டும்.